வாசகர் கேள்வி – பதில்: கத்திரி தொடங்குமுன் தீர்த்தன் நதியில் ட்ரவுட்

சென்ற இதழில் ஹிமாசலப் பிரதேசத்தின் தீர்த்தன் நதியில் செயற்கைப் பூச்சியைக் கட்டி ட்ரவுட் மீன் பிடிப்பதை, அதாவது ஃப்ளை ஃபிஷிங்கை, பற்றி ஒரு சிறு குறிப்பு எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டுத் தில்லியிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் வசிக்கும் தமிழ் வாசகர்கள் பலர் கடிதம் எழுதியிருக்கிறார்கள். ஒரே பொருளைக் கேட்ட கடிதங்களைச் சேர்த்து, அவற்றுள் தெளிவாக எழுதப்பட்ட ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு பதில் அளிக்கிறேன். முதல் கேள்விக்கான பதில் நீளமாக இருப்பதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். மற்றக் கேள்விகளில் பாதிக்கு விடை அதற்குள்ளேயே இருக்கிறது.

பிள்ளைகளின் பள்ளிக்கு மே மாத நடுவில்தான் கோடை விடுமுறை விடுகிறார்கள். அப்போது குடும்பத்தோடு தீர்த்தன் பக்கம் சென்று ட்ரவுட் பிடிக்க விரும்புகிறேன். ஃப்ளை ஃபிஷிங்குக்கு அது ஏற்ற காலமா?
– ஒரு வாசகர், மயூர் விஹார்

சட்டம் உங்களைத் தடுக்கவில்லை. ஹிமாசலத்தில் நவம்பர் 1 முதல் பிப்ரவரி இறுதி வரை ட்ரவுட் பிடிக்கத் தடை இருக்கிறது. பழுப்பு ட்ரவுட் அந்தக் குளிர்காலத்தில்தான் கூழாங்கற்களைத் தோண்டி முட்டையிடுகிறது. மார்ச் 1 முதல் அக்டோபர் முடிய உரிமச் சீட்டு வாங்கிக்கொண்டு பிடிக்கலாம். ஆயினும் மே மாத நடுவில் நதியே உங்களைத் தடுக்கக்கூடும்.

நம் ஊரில் கோடை என்றால் ஆறு வற்றும். தாமிரபரணிக் கரையிலோ காவிரிக் கரையிலோ வளர்ந்தவர்களுக்கு இமயமலை நதி தலைகீழாகத் தோன்றும். வெயில் ஏற ஏற அங்கே தண்ணீரும் ஏறுகிறது. குளிர்காலம் முழுவதும் மேலே குவிந்து கிடந்த பனி, மார்ச் மாதத்தில் சொட்டுச் சொட்டாகவும் மே மாதத்தில் வாய்க்கால் வாய்க்காலாகவும் உருகி இறங்குவதே காரணம். மார்ச் பிற்பகுதியிலிருந்து ஏப்ரல் முடியும் வரை தீர்த்தனில் தண்ணீர் கண்ணாடி போலத் தெளிந்திருக்கும், அடியிலுள்ள கல்லை எண்ணலாம். மே பிறந்து பத்து நாள் சென்றால் நிறம் மாறத் தொடங்கும். ஜூனில் பல நாட்களில் நதி சாம்பல் பூத்த பச்சையாக, பாறைகளை மூடிக்கொண்டு ஓடும். ஜூலையும் ஆகஸ்டும் பருவமழையின் சேற்றுநீர்க் காலம். பிறகு செப்டம்பர் பிற்பகுதியிலும் அக்டோபரிலும் இரண்டாவது நல்ல காலம் வரும்.

நான் நண்பர்களுக்குச் சொல்லும் கணக்கு எளியது. பங்குனி உத்திரம் முடிந்த பிறகு கிளம்புங்கள், கத்திரி தொடங்குவதற்கு முன் திரும்பிவிடுங்கள். மே 4-ஆம் தேதியை ஒட்டித் தொடங்கும் அக்கினி நட்சத்திரத்தை நம் பஞ்சாங்கம் தென்னாட்டு வெயிலுக்காகத்தான் குறித்து வைத்திருக்கிறது என்றாலும், எத்தனையோ ஆண்டுகளாகக் கவனித்துப் பார்த்ததில் தீர்த்தன் நதி பெருகத் தொடங்கும் நாளும் அதற்கு மிக அருகிலேயே வருகிறது.

பிள்ளைகளின் விடுமுறையை மாற்ற முடியாதல்லவா? அப்படியானால் மாதத்தை விட்டுவிட்டு மணியைப் பாருங்கள். இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். பனி இரவில் உறைந்து பகலில் உருகுகிறது. மேலே நண்பகலில் உருகிய நீர், மலைச்சரிவுகளைக் கடந்து நீங்கள் நிற்கும் நதிக்கரை ஊரான குஷைனிக்கோ நாகினிக்கோ வந்து சேர மாலையாகிவிடும். ஆகவே நாளின் மிகக் குறைந்த, மிகத் தெளிந்த நீர் விடியற்காலையிலிருந்து முற்பகல் வரை கிடைக்கும். அதற்காக விடியற்காலையிலேயே போய் நிற்பதிலும் பெரும் பயனில்லை. அப்போது நீர் மிகவும் குளிர்ந்து, மீன் அடியில் சோம்பிக் கிடக்கும். ட்ரவுட் சுறுசுறுப்பாக மேய்வதற்கு ஏறத்தாழ 10 முதல் 16 டிகிரி செல்சியஸ் வரை வெப்பம் இருக்க வேண்டும். பள்ளத்தாக்கில் வெயில் விழுந்து, கல்லெல்லாம் சற்றுச் சூடேறி, நீர்ப்பூச்சிகள் மேலே வரத் தொடங்கும் 9 மணிக்கும், மேலிருந்து புதுநீர் வந்து சேரும் பிற்பகலுக்கும் இடையிலுள்ள மூன்று நான்கு மணி நேரந்தான் உங்களுடையது. ஏப்ரலில் அந்த இடைவெளி நாள் முழுவதும் நீளும், மே நடுவில் அது சுருங்கிவிடும். மற்ற நேரத்தைக் குடும்பத்துக்குக் கொடுங்கள்.

இன்னொன்று. நதி கலங்கியிருந்தாலும் அதில் வந்து விழும் சிற்றோடைகள் பெரும்பாலும் தெளிந்தே இருக்கும். குஷைனியில் ஃபலாசன் ஓடை தீர்த்தனோடு கலக்கிறது. அது போன்ற சந்திப்புகளில் கலங்கிய நீரும் தெளிந்த நீரும் சிறிது தூரம் கலவாமல் பக்கம் பக்கமாக ஓடும். அந்த எல்லைக்கோட்டின் ஓரத்தில் ட்ரவுட் காத்து நிற்கும். உங்கள் முதல் மீன் அங்கேதான் கிடைக்கும் என்று நினைக்கிறேன்.

சிறுவயதில் தாமிரபரணியில் மண்புழு கோத்து எவ்வளவோ கெண்டையும் கெளுத்தியும் பிடித்திருக்கிறேன். அதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு? மீன் வேறு, குளிர் வேறு என்பதைத் தவிர?
– ஒரு வாசகர், ராமகிருஷ்ணபுரம்

நீங்கள் பிடித்த தூண்டிலில் நரம்பை எடுத்துச் சென்றது ஈயக்குண்டு. நரம்பு எடையற்றது, குண்டு போகும் இடத்துக்கு அது பின்னாலேயே போகும். ஃப்ளை ஃபிஷிங்கில் இது மாறிவிடுகிறது. முள்ளில் கட்டியிருப்பது ஒரு சிட்டிகை இறகும் நூலும், கையில் வைத்து ஊதினால் பறந்துவிடும். ஆகவே எடையை லைனிலேயே வைத்திருக்கிறார்கள். அது பூச்சுப் பூசிய தடித்த கயிறு. ராடு என்னும் தூண்டில் கோல் அந்தக் கயிற்றை வில்லைப் போல வளைந்து பின்னால் எறிய, அது காற்றில் நீண்டு விரிந்து நேராகும் கணம் வரை நீங்கள் காத்திருந்து, பிறகு முன்னால் செலுத்த வேண்டும். கயிற்றின் நுனியில் ஒன்பதடி நீளத்துக்குக் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய நரம்பு, அதன் முனையில் பூச்சி. நன்றாக வீசினால் கயிறு சுருள் அவிழ்ந்து நீண்டு, பூச்சி கடைசியாக, தானே பறந்து வந்து இறங்கியது போல நீரில் அமரும்.

புதிதாகப் பழகுகிறவர்கள் எல்லோரும் செய்யும் தவறு காத்திருக்காமல் இருப்பது. பின்னால் சென்ற கயிறு விரியுமுன் முன்னால் இழுத்தால், மாட்டு வண்டிச் சாட்டையைப் போல அது சொடுக்கும். அந்த ஓசை கேட்டால் நுனியில் பூச்சி அறுந்து போயிருக்கும் என்று கொள்ளுங்கள். கடிகார முகத்தை மனத்தில் வைத்துக்கொண்டு, ராடு முன்னால் பத்து மணியிலும் பின்னால் ஒரு மணியிலும் நிற்க வேண்டும் என்பது பழைய பாடம். இன்றும் அதைவிடச் சிறந்த பாடம் எனக்குத் தெரியவில்லை.

இரண்டாவது வேறுபாடு இரை. நதியில் இறங்கியதும் ராடை விரிக்காதீர்கள். கரையோரம் நீருக்குள் கிடக்கும் ஒரு கல்லைத் தூக்கித் திருப்பிப் பாருங்கள். அடியில் தட்டையான உடலும் மெல்லிய வால் இழைகளும் கொண்ட சிறு பூச்சிகள் ஒட்டிக்கொண்டு ஓடும். அவை 'மே ஈ' என்னும் பூச்சியின் இளம்பருவம். மணலையும் சிறு கற்களையும் ஒட்டிக் கட்டிய குழாய் வீட்டுக்குள் ஒளிந்திருப்பது 'காடிஸ்' புழு. மே ஈ வளர்ந்து இறக்கை முளைத்து நீருக்கு மேலே வந்தால் ஓரிரு நாளில் இறந்துவிடும். நம் ஊர் ஈசலை நினைவுபடுத்தும், ஆனால் ஈசல் கறையான் இனம், இது வேறு இனம். ட்ரவுட் தன் உணவில் பெரும்பகுதியை நீருக்கு அடியில், இந்த இளம்பூச்சிகளாகவே எடுத்துக்கொள்கிறது. மேலே மிதக்கும் பூச்சியை எம்பிப் பிடிக்கும் காட்சி அழகானது என்பதற்காக நாள் முழுவதும் மிதவைப் பூச்சியையே வீசிக்கொண்டிருப்பது வீண். கோடைத் தொடக்கத்தில், முற்பகலில், சிறு பித்தளை மணி கோத்த 'ஃபெசன்ட் டெயில்' அல்லது 'ஹேர்ஸ் இயர்' வகை நிம்ஃபை (இளம்பூச்சியைப் போலக் கட்டிய இரையை) 12 முதல் 16 வரையுள்ள முள் அளவுகளில் அடியோரம் மிதக்கவிடுங்கள். மீன் மேலே எழுவதைக் கண்ணால் பார்த்த பிறகு மட்டும் 'ஆடம்ஸ்' போன்ற மிதவைப் பூச்சிக்கு மாறுங்கள்.

தொடங்குவதற்கு என்னென்ன வாங்க வேண்டும்? தில்லியில் நல்ல சாமான் கிடைக்குமா?
– ஒரு வாசகர், கரோல் பாக்

ஒன்பது அடி நீளமுள்ள, ஐந்தாம் எண் ராடு ஒன்று (எண் குறிப்பது லைனின் எடையை), லைனைச் சுற்றி வைக்க அதற்குப் பொருந்தும் ரீல், மிதக்கும் லைன், நுனிக்கு 4 எக்ஸ், 5 எக்ஸ் நரம்புச் சுருள்கள், பன்னிரண்டு பூச்சிகள், ஒரு சிறு இடுக்கி. இவை போதும். 5 எக்ஸ் என்றால் ஏறத்தாழ 0.15 மி.மீ. தடிமன். எண் கூடக் கூட நரம்பு மெலியும் என்பதை நினைவில் வையுங்கள். துருவமுனைப்புக் கண்ணாடி ஒன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நீரின் மேல் மின்னும் வெளிச்சத்தை அது விலக்கிவிடுவதால் மீன் நிற்கும் இடம் தெரியும், வீசும்போது தவறி வரும் முள்ளிலிருந்து கண்ணுக்கும் காப்பு.

வாங்கும்போது எச்சரிக்கை தேவை. நான் முதன்முதலில் தில்லிக் கடை ஒன்றில் ஃப்ளை ராடு என்று கேட்டு, விற்றவரும் அதுவேதான் என்று உறுதியாகச் சொல்லி, வாங்கி வந்தது சாதாரண ஸ்பின்னிங் ராடு. தீர்த்தனுக்குப் போகும் வழியிலுள்ள ஔட் வரைக்கும் பேருந்தில் மடியில் வைத்துக்கொண்டு போன பிறகுதான், நதிக்கரையில் ஒரு முதியவர் அதைப் பார்த்துவிட்டு வருத்தத்தோடு தலையசைத்தார். வேறுபாட்டைக் கண்டுபிடிப்பது எளிது. ஃப்ளை ராடில் ரீல், கை பிடிக்கும் இடத்துக்குக் கீழே, அடிமுனையில் மாட்டப்படும். கயிறு செல்லும் வளையங்களில் அடியிலுள்ள ஒன்றிரண்டைத் தவிர மற்றவை சிறிய, பாம்பு வளைந்தது போன்ற கம்பிகளாக இருக்கும். கைப்பிடிக்கு மேலே ரீல் மாட்டும் இடமும் அகன்ற முதல் வளையமும் இருந்தால் அது வேறு ராடு.

பூச்சிகளை நீங்களே கட்டப் பழகினால் செலவு குறையும், ஆர்வமும் பெருகும். உதிர்ந்து கிடக்கும் மயிற்பீலியின் ஒற்றை இழை, ட்ரவுட் பூச்சிக்கு உலகெங்கும் விரும்பப்படும் பொருள். நீரில் அது பச்சையும் செம்பும் கலந்து மினுங்குவதை வேறு எந்தச் செயற்கை இழையாலும் ஈடுசெய்ய முடிவதில்லை. இன்னொரு புகழ்பெற்ற இறகு நம் தென்னாட்டுச் சாம்பல் காட்டுக்கோழியின் கழுத்திறகு. ஆங்கிலேயர் காலத்தில் பூச்சி கட்டுவதற்கென்றே அவை பெருமளவில் கப்பலேறின. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இன்று அந்தப் பறவைக்குக் காவலாக இருக்கிறது. யாரேனும் அந்த இறகைத் தருகிறேன் என்றால் தயவுசெய்து வாங்காதீர்கள்.

வீசிப் பழகுவதற்கு யமுனைக்குப் போகலாமா?
– ஒரு மாணவர், முனிர்க்கா

நீரே தேவையில்லை. புல்தரையில் பழகுங்கள். சஞ்சய் ஏரிப் பூங்காவிலோ நேரு பூங்காவிலோ ஆள் நடமாட்டம் குறைந்த காலை வேளையில், முள்ளுக்குப் பதிலாக நுனியில் ஒரு துண்டுச் சிவப்புக் கம்பளி நூலைக் கட்டிக்கொண்டு, இருபது அடி தூரத்தில் வைத்த செய்தித்தாளின் மேல் அது விழும்படி வீசுங்கள். தூரம் எறிவதில் ஆசை வைக்க வேண்டாம். தீர்த்தனில் முப்பது அடிக்கு மேல் வீச வேண்டிய தேவை எனக்கு அபூர்வமாகவே நேர்ந்திருக்கிறது. கரையோர மரங்கள் பின்னால் வீச இடம் தராதபோது, கயிற்றைப் பின்னால் பறக்கவிடாமல் நீரின் மேலேயே உருட்டி முன்னால் அனுப்பும் 'ரோல் காஸ்ட்' உதவும், ஆனால் அதற்கு மட்டும் நீரின் பிடிப்பு வேண்டும் என்பதால் அதை அங்கே சென்றே பழகலாம்.

நான் குன்னூர்க்காரி. எங்கள் நீலகிரியில் அவலாஞ்சியிலேயே ட்ரவுட் இருக்கும்போது இமயமலைக்கு ஏன் போக வேண்டும்? இந்த மீன் நம் நாட்டுக்கு எப்படி வந்தது?
– ஒரு வாசகி, துவாரகா

உங்கள் ஊர் ட்ரவுட்டுக்கு நீண்ட வரலாறு இருக்கிறது. மீனியல் அறிஞர் பிரான்சிஸ் டே 1863-இல் இங்கிலாந்திலிருந்து ட்ரவுட்டைக் கொண்டுவந்து நீலகிரியில் விட முயன்று தோற்றார். கடல் வழியில் நெடுநாள் வெப்பத்தைத் தாங்கி முட்டைகள் பிழைப்பது அன்று எளிதாக இல்லை. இருபதாம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் மீன்வளர்ப்பு வல்லுநர் ஹெச்.சி. வில்சனின் முயற்சியால்தான் வானவில் ட்ரவுட் அங்கே நிலைத்தது, அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகமும் அமைந்தது.

வடக்கில் நடந்ததும் அதே போன்ற கதை. காஷ்மீருக்கு 1899-இல் அனுப்பப்பட்ட பழுப்பு ட்ரவுட் முட்டைகள் வழியிலேயே அழிந்தன. மறு ஆண்டு ஸ்காட்லாந்திலிருந்து வந்தவை பிழைத்தன. அங்கிருந்து 1909-இல் குலு பள்ளத்தாக்குக்கு முட்டைகள் வந்து, கட்ராயின் அருகே மஹிலியில் பொரிப்பகம் ஏற்பட்டது. 1980-களின் இறுதியில் நார்வே நாட்டு உதவியோடு பட்லிகுலில் பண்ணை வளர்ப்பு முறை அறிமுகமானது. தில்லி உணவகங்களில் தட்டில் வரும் ட்ரவுட் பண்ணையில் வளரும் வானவில் வகை. நதியில் நாம் தேடுவது பெரும்பாலும் பழுப்பு ட்ரவுட், உடலில் கருமையும் செம்மையுமான புள்ளிகள், சில புள்ளிகளைச் சுற்றி வெளிறிய வளையம்.

இரண்டும் இந்த மண்ணுக்கு அந்நியமானவை என்பதை மறைக்க விரும்பவில்லை. இமயமலை ஓடைகளின் சொந்த மீன், 'ஸ்நோ ட்ரவுட்' என்று அழைக்கப்படும் சைசோதோராக்ஸ். பெயர் ட்ரவுட் என்றாலும் அது நம் கெண்டையின் உறவு. நுண்ணிய செதிளும் அடிப்பக்கம் அமைந்த வாயும் அடையாளம். உங்கள் முள்ளில் அது சிக்கினால் உடனே விட்டுவிடுங்கள்.

எங்கே போவது என்பதில் நீலகிரியைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. அவலாஞ்சி ஓடைகள் மழையை நம்பி ஓடுபவை, கோடைத் தொடக்கத்தில் சிறுத்து அமைதியாகிவிடும். தில்லியில் வாழும் உங்களுக்கோ தீர்த்தன் ஏறத்தாழ 500 கி.மீ. தொலைவிலேயே இருக்கிறது. காஷ்மீரி கேட்டில் மாலைப் பேருந்து ஏறினால் விடியுமுன் ஔட்டில் இறங்கி, லார்ஜி, பஞ்சார் வழியாகக் காலை உணவுக்குக் குஷைனி போய்விடலாம். மாநில அரசு நீர்மின் திட்டங்களை இந்த நதியிலிருந்து விலக்கி வைத்திருப்பதும், 2014-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்ற பெரிய இமாலய தேசியப் பூங்காவுக்குள் அதன் தலைப்பகுதி அமைந்திருப்பதும் அதன் நீருக்குக் கிடைத்த பெரும் பேறு. பூங்காவின் எல்லைக்குள் செல்வதற்குத் தனி அனுமதி வேண்டும், மீன் பிடிப்பதைப் பூங்காவுக்குக் கீழே வைத்துக்கொள்ளுங்கள்.

என் கணவர் நண்பர்களோடு இந்த மாதம் போகிறார். நீச்சல் தெரியும் என்று தைரியமாக இருக்கிறார். நதியில் இறங்கி நிற்பது ஆபத்து இல்லையா?
– ஒரு வாசகி, ஜனக்புரி

ஆபத்துதான். மலை நதியில் நீச்சல் உதவுவதும் குறைவு. முழங்காலுக்கு மேலே நீர் ஏறினாலே அதன் விசை காலைத் தூக்கிவிடும். நீரின் குளிர் சில நிமிடங்களில் கைகால்களை மரத்துப்போகச் செய்யும்.

எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஏப்ரல் இறுதியில் நாகினிக்குச் சற்று மேலே காலை பத்து மணிக்கு, முழங்காலுக்குக் கீழே ஓடிய நீரைக் கடந்து எதிர்க்கரைக்குப் போனேன். அங்கே நல்ல மீன்கள் எழுந்தன. நேரம் போனதே தெரியவில்லை. நான்கு மணிக்குத் திரும்ப வந்து பார்த்தால், நான் கடந்து வந்த இடத்தில் அடையாளமாக மனத்தில் குறித்து வைத்திருந்த பாறையையே காணவில்லை. நதி அதை மூடிக்கொண்டு ஓடியது. மேலே மழை பெய்யவில்லை, வானில் ஒரு மேகமும் இல்லை. காலையிலிருந்து உருகிய பனி வந்து சேர்ந்திருந்தது, அவ்வளவுதான். இறங்கிப் பார்க்கலாமா என்று இரண்டு அடி எடுத்து வைத்தேன். கால் நிற்கவில்லை. திரும்பி ஏறி, பாதையில்லாத சரிவில் பாலம் இருக்கும் இடம் வரை இருட்டில் நடந்து வந்தேன். அந்த இரண்டு அடியை நினைத்தால் இன்றும் எனக்கு நடுக்கம் வருகிறது. உங்கள் கணவரிடம் சொல்லுங்கள்: காலையில் கடந்த நீரைப் பிற்பகலில் கடக்க முடியும் என்று எண்ணக் கூடாது. பாலம் இருக்கும் பக்கத்திலேயே நின்று பிடிக்கட்டும். கையில் ஊன்றுகோல், காலில் கம்பளி அடிப்பாகமுள்ள காலணி, உடன் ஓர் ஆள், இந்த மூன்றும் இல்லாமல் நீரில் இறங்க வேண்டாம்.

அணை உள்ள நதியில் இன்னும் ஒரு படி எச்சரிக்கை வேண்டும். 2014 ஜூன் 8 அன்று மாலையில் லார்ஜி அணையிலிருந்து திறந்துவிடப்பட்ட நீர், கீழே பியாஸ் நதியின் பாறைகளில் நின்றுகொண்டிருந்த ஹைதராபாத் பொறியியல் கல்லூரி மாணவர்கள் 24 பேரையும் உடன் வந்த ஒருவரையும் அடித்துச் சென்றது. அவர்கள் மழையையோ வெள்ளத்தையோ எதிர்பார்க்கக் காரணமே இருக்கவில்லை. அணைக்குக் கீழே, அபாயச் சங்கு ஒலிக்குமா ஒலிக்காதா என்று நம்பி நிற்காதீர்கள். அங்கே நதிக்குள் இறங்கவே இறங்காதீர்கள். 2023 ஜூலை வெள்ளத்துக்குப் பிறகு குலு பகுதி நதிகளில் பல மடுக்கள் மறைந்து வேறு இடங்களில் தோன்றியிருக்கின்றன என்பதால், பழைய நினைவை நம்பியும் கால் வைக்கக் கூடாது.

பிடித்த மீனை விட்டுவிடுவதாகச் சொல்கிறீர்கள். உண்பதற்காகப் பிடித்தால் புரிகிறது. விளையாட்டுக்காக முள்ளில் மாட்டி வலிக்கச் செய்வது சரியா?
– ஒரு வாசகி, லோதி காலனி

இந்தக் கேள்வியைக் கேட்டதற்கு உங்களுக்கு நன்றி. மீனுக்கு வலியே இல்லை என்று சொல்லி நான் தப்பித்துக்கொள்ள முடியாது. 2003-இல் பிரிட்டனில் லின் ஸ்னெடன் குழுவினர், வானவில் ட்ரவுட்டின் தலைப்பகுதியில் காயத்தை உணரும் நரம்பு முனைகள் இருப்பதைக் கண்டறிந்து வெளியிட்டார்கள். ஆகவே வலிக்கவில்லை என்ற எண்ணத்தோடு நான் நதிக்குப் போவதில்லை. ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று எனக்கே ஓர் எல்லை வைத்திருக்கிறேன். மூன்று மீன்கள் தொட்டுவிட்டால் ராடை மடித்துவிடுவேன். நீங்கள் இதை ஏற்காவிட்டால் உங்களோடு வாதாட மாட்டேன்.

செய்வதென்று முடிவு செய்தவர்கள் தீங்கைக் குறைக்கும் வழியை அறிந்திருக்க வேண்டும். முள்ளின் எதிர்க்கொக்கியை இடுக்கியால் நசுக்கி மழுங்கச் செய்துவிடுங்கள், கழற்றுவது ஒரு நொடியில் முடியும். கையை நீரில் நனைத்துக்கொண்ட பிறகே மீனைத் தொடுங்கள். உலர்ந்த கை அதன் உடல்மேலுள்ள வழுவழுப்பான காப்புப் படலத்தை உரித்துவிடும். செவுளுக்குள் விரலை நுழைக்காதீர்கள். படம் எடுப்பதற்காக நீருக்கு வெளியே தூக்கி வைத்திருக்காதீர்கள். நீரோட்டத்தை எதிர்நோக்கித் தாங்கிப் பிடித்திருந்தால், தெம்பு வந்ததும் அதுவே கையிலிருந்து நழுவிப் போகும். நீரின் வெப்பம் 20 டிகிரியை நெருங்கினால் அன்று மீன் பிடிப்பதையே விட்டுவிடுங்கள். வெப்பம் ஏறிய நீரில் பிராணவாயு குறைவு, போராடிக் களைத்த ட்ரவுட் நீந்திச் சென்ற பிறகும் செத்துப்போகும்.

உண்பதற்கு வேண்டுமானால் பண்ணை மீனை வாங்குங்கள். நதி மீனை எடுத்துச் செல்ல விரும்புகிறவர்கள், உரிமச் சீட்டில் குறித்துள்ள எண்ணிக்கையையும் அளவையும் மீறக் கூடாது. உரிமத்தை மாநில மீன்வளத் துறை தருகிறது. தங்கும் விடுதிக்காரர்களிடம் முன்பே சொல்லி வைத்தால் வாங்க உதவுவார்கள். சீட்டு இல்லாமல் ஒரு வீச்சுகூட வீச வேண்டாம்.

சென்ற வாரந்தான் தீர்த்தனிலிருந்து திரும்பினேன். மீன்கள் என் கண்ணெதிரே எழுந்து பூச்சிகளைத் தின்றன. என் பூச்சியை மட்டும் மூன்று நாளும் தொடவில்லை. பூச்சியை ஏழெட்டு முறை மாற்றியும் பயனில்லை. அடுத்த ஞாயிறு மறுபடியும் போகிறேன். என்ன செய்வது?
– ஒரு வாசகர், நொய்டா

பூச்சியை மாற்றியது போதும், அது மிதந்து வரும் விதத்தை மாற்றுங்கள். உண்மையான பூச்சி நீரோட்டத்தின் வேகத்திலேயே, எந்தப் பிடிப்பும் இல்லாமல் வரும். உங்கள் பூச்சியின் பின்னால் கயிறு இருக்கிறது. உங்களுக்கும் மீனுக்கும் நடுவே வேகமான ஓட்டம் ஒன்று இருந்தால் அது கயிற்றை முன்னே இழுத்துச் செல்ல, நுனியிலுள்ள பூச்சி நீரைக் கீறிக்கொண்டு ஓடும். நமக்கு அந்தக் கீறல் தெரிவதில்லை. ஆண்டு முழுவதும் நீரோட்டத்தையே பார்த்துக்கொண்டு நிற்கும் மீனுக்குத் தெரிந்துவிடும். வீசிய உடனே ராடின் நுனியால் கயிற்றின் நடுப்பகுதியை, நீர் வரும் மேலோட்டப் பக்கமாகத் தூக்கி வளைத்துப் போடுங்கள். அந்த வளைவு நேராகும் வரை கிடைக்கும் மூன்று நான்கு நொடிகள் பூச்சி தன்னிச்சையாக மிதக்கும்.

நிற்கும் இடத்தையும் பாருங்கள். ட்ரவுட் மேலோட்டத்தை நோக்கித் தலை வைத்து நிற்பதால், கீழேயிருந்து மேல் நோக்கி நடந்து அதன் பின்புறமாக நெருங்க வேண்டும். நீருக்குள்ளிருந்து அது வெளியுலகத்தைப் பார்ப்பது ஏறத்தாழ 97 டிகிரி அகலமுள்ள ஒரு கூம்பு வழியாக மட்டுமே, ஆகையால் குனிந்தோ மண்டியிட்டோ இருந்தால் பெரிதும் அதன் பார்வையிலிருந்து தப்பலாம். வெளிர் நிறச் சட்டையைத் தவிர்த்துவிடுங்கள்.

மீன் எழும் விதத்தையும் கவனியுங்கள். மூக்கு வெளியே தெரிந்தால் அது மிதக்கும் பூச்சியைத் தின்கிறது. முதுகும் வாலும் மட்டும் புரண்டு தெரிந்தால், மேற்பரப்புக்குச் சற்றுக் கீழே, தோலுரித்து வெளிவரத் துடிக்கும் இளம்பூச்சியை எடுத்துக்கொண்டிருக்கிறது. நீங்கள் எழுதியதைப் பார்த்தால் இரண்டாவதுதான் நடந்திருக்கும் என்று தோன்றுகிறது. 5 எக்ஸ் நரம்பில், மணி கோக்காத சிறிய ஃபெசன்ட் டெயில் ஒன்றை 16-ஆம் அளவில் கட்டி, மீன் நிற்கும் இடத்துக்கு ஐந்தாறடி மேலே போட்டு, இழுக்காமல் வரவிடுங்கள். நரம்பு ஒரு கணம் தயங்கி நின்றால் ராடை மெல்ல உயர்த்துங்கள். ஞாயிறன்று பத்து மணிக்கு நீரில் இருங்கள், இரண்டு மணிக்குக் கரையேறிவிடுங்கள். மீனின் நீளத்தை எழுதாவிட்டாலும், எத்தனை மணிக்கு நீர் ஏறத் தொடங்கியது என்பதை மட்டும் அடுத்த கடிதத்தில் மறவாமல் எழுதுங்கள்.